எவரும், குடிமக்கள்: அரசமைப்புச் சட்டத்தைத் தமிழ் வகுப்பில் வாசித்த ஒரு நிகழ்வின் ஆய்வு

இந்த ஆய்வு, சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உயர்நிலை மூன்று தமிழ் வகுப்பில் படித்த 19 மாணவர்களுடன், மூன்றாம் தவணையில், வாரத்துக்கு ஒரு மணி நேரமாக ஆறு வாரங்கள் நடத்திய பாடங்களைப் பற்றியது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதி, அதாவது 9ஆவது பிரிவு முதல் 16ஆவது பிரிவு வரை, எங்கள் பாடப்பொருளாக இருந்தது. ஜூலை 21 இன நல்லிணக்க நாளும் ஆகஸ்ட் 9 தேசிய தினமும் அந்தத் தவணைக்குள் வருவதால், பள்ளி முழுவதும் நாட்டைப் பற்றிய பேச்சு நிறைந்திருக்கும் அந்தச் சமயத்தையே நான் தேர்ந்தெடுத்தேன்.

சமூகவியல் பாடம் இங்கே ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அதனால் நீதிமன்றம், நாடாளுமன்றம், கைது, பிணை போன்றவற்றைப் பற்றிப் பேச வேண்டியபோது எங்கள் மாணவர்கள் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தமிழ் பண்டிகைக்கும் உணவுக்கும் உறவுக்கும் உரிய மொழியாக அவர்கள் மனத்தில் சுருங்கிவிடுகிறது. ஆனால் அதே அரசமைப்புச் சட்டம் தமிழுக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. 53ஆவது பிரிவின்படி நாடாளுமன்ற விவாதங்கள் இந்த நான்கு மொழிகளில் நடக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினராவதற்கான தகுதிகளைச் சொல்லும் 44ஆவது பிரிவு, இந்த நான்கில் ஒரு மொழியையாவது பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரும் அந்தத் தகுதியைப் பெற முடியும் என்று நான் சொன்னபோது வகுப்பு ஒரு கணம் அமைதியானது. சட்டம் பேசத் தகுந்த மொழி என்று அரசமைப்பே ஏற்றுக்கொண்ட மொழியில் சட்டத்தைப் பேசாமல் இருப்பது நமது குறை என்பதே இந்த முயற்சிக்கு அடிப்படை.

முதல் வாரத்தில் செய்த தவறு

முதல் வாரம் நான் சரியாகத் தொடங்கவில்லை. பெரிய அட்டை ஒன்றில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, ‘நமது உரிமைகள்’ என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரிரு சொற்களில் பெயர் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னேன். மறுவாரம் நடத்திய சிறு தேர்வில் பட்டியலை எல்லாரும் எழுதினார்கள். ஆனால் பட்டியலுக்குக் கீழே விளக்கம் கேட்ட இடத்தில் அவர்கள் எழுதியவை, நான் கற்பித்ததற்கும் சட்டத்தில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டின.

இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்று பலர் எழுதினார்கள். 16ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பொதுக் கல்வி நிலையங்களில் சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. தொடக்கப்பள்ளிக் கல்வி கட்டாயம் என்பது 2003இல் நடப்புக்கு வந்த வேறொரு சட்டத்தால் அமைந்தது. சொத்துரிமையைச் சிலர் எழுதியிருந்தார்கள். அது நான்காம் பகுதியில் இல்லை. மலேசியக் கூட்டரசின் அரசமைப்பில் சொத்துரிமையைக் காக்கும் பிரிவு உண்டு. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது அந்த அரசமைப்பின் பல பிரிவுகளைச் சுதந்திரச் சட்டத்தின் வழியாக எடுத்துக்கொண்ட நாடாளுமன்றம், சொத்துரிமைப் பிரிவை வேண்டுமென்றே விட்டுவிட்டது. மறு ஆண்டே நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. தாங்கள் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு உண்டு என்பதை மாணவர்கள் கேட்டறிய வேண்டியிருந்தது; என் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

வாக்குரிமையை ஏறக்குறைய எல்லாரும் முதலிடத்தில் எழுதியிருந்தார்கள். தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் அமைந்த 1966ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையம், வாக்குரிமையை அரசமைப்பில் வெளிப்படையாகப் பதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் நான்காம் பகுதியில் அது இடம்பெறவில்லை. அரசமைப்பு நிறுவும் ஆட்சிமுறையிலேயே அது உட்பொதிந்துள்ளது என்பது அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த நிலைப்பாடு. இந்த இடத்தில் நான் ஒரு வழக்கை வாசிப்புப் பகுதியாக எழுதிக் கொடுத்தேன். 2012இல் ஹவ்காங் தொகுதியின் இடம் காலியானபோது, அத்தொகுதியில் வசித்த, பகுதிநேரத் துப்புரவு வேலை செய்துவந்த ஒரு தமிழ்ப் பெண், இடைத்தேர்தலை எப்போது நடத்துவது என்பது பிரதமரின் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டதல்ல என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் சென்றார். அந்த ஆண்டு மே மாதம் இடைத்தேர்தல் நடந்துவிட்டதால், வழக்கைத் தொடரும் தகுதி அவருக்கு இல்லாமற்போய், மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனால் காலியான இடத்தை நிரப்புவது பற்றிய 49ஆவது பிரிவுக்கு 2013இல் பொருள் கூறிய மேல்முறையீட்டு நீதிமன்றம், இடைத்தேர்தலை நியாயமான காலத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்றது. வழக்கில் தோற்றவர் கேட்ட கேள்விக்கு, நாட்டுக்கே பொருந்தும் விடை கிடைத்தது. அதை வாசித்த மாணவி ஒருத்தி, ‘அவங்க நம்ம அம்மாச்சி மாதிரி இருக்காங்க, ஆசிரியர்’ என்றாள்.

தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று நடந்ததுதான் பாடத்தின் போக்கையே மாற்றியது. இங்கே 15 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு அது அந்த ஆண்டில்தான் கைக்கு வருகிறது. முந்தைய வாரம் தன் அட்டையைப் பெற்றிருந்த ஒரு மாணவன், குடிமக்களுக்கு உரிய அந்த இளஞ்சிவப்பு அட்டையை மேசைமேல் வைத்து, ‘சிவப்பு ஐசி இருந்தாத்தானே இதெல்லாம்?’ என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் நிரந்தரவாசியான மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய அட்டை நீலம். இன்னொரு மாணவி, பெற்றோரின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே தங்கியிருப்பவள். நீல அட்டைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். ‘நமது உரிமைகள்’ என்று எழுதிய அட்டை என் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ‘நமது’ என்ற சொல்லில் யார் யார் அடங்குகிறார்கள் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே அட்டையைக் கழற்றிவிட்டேன்.

சொல்லுக்குச் சொல்

அடுத்த வாரத்திலிருந்து பட்டியலுக்குப் பதிலாகச் சட்டத்தின் வாசகத்தையே கொடுத்தேன். நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள் ஒவ்வோர் உட்பிரிவையும் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுத வேண்டும். எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் மற்றக் குழுக்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட சொல் மட்டுமே வகுப்பின் பொதுத்தாளில் ஏறும். மொழிபெயர்க்கும்போது எதையும் தாண்டிச் செல்ல முடியாது. புரியாத சொல் அங்கேயே தடுத்து நிறுத்திவிடும். சட்டம் கற்பிக்க அதைவிட நல்ல வழியை நான் இதுவரை கண்டதில்லை.

முதல் வேலை, யாருக்கு என்ற சொல்லைத் தேடுவது. சிவப்பு அட்டை மாணவனின் கேள்விக்கு விடையை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். 9, 10, 11ஆவது பிரிவுகளில் வருவது ‘எவரும்’. உயிர், உடல் சுதந்திரம் ஆகியவற்றைப் பறிப்பதற்கு எதிரான காப்பும், அடிமைத்தனத்துக்கு எதிரான தடையும், செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்ற விதியும் இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உரியவை. 12ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு அனைவரும் சட்டத்தின்முன் சமம் என்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் இரண்டாம் உட்பிரிவில் அது ‘குடிமக்கள்’ என்று மாறிவிடுகிறது. நாடு கடத்தப்படாமல் இருப்பதும் விரும்பிய இடத்தில் வசிப்பதுமான 13ஆவது பிரிவு, பேச்சு, அமைதியாகக் கூடுதல், சங்கம் அமைத்தல் ஆகியவற்றுக்கான 14ஆவது பிரிவு, இரண்டும் குடிமக்களுக்கு. சமய சுதந்திரத்துக்கான 15ஆவது பிரிவு மறுபடியும் ஒவ்வொருவருக்கும் திரும்புகிறது. எவருக்கும் உரியதைப் பச்சை மையிலும் குடிமக்களுக்கு உரியதைச் சிவப்பு மையிலும் கோடிட்டுக்கொண்டே வந்த நீல அட்டை மாணவன், ‘பச்சைதான் நிறைய’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) ஞாயிற்றுக்கிழமை திரளும் வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர்களைப் பற்றியும் அதே குழுதான் எழுதியது: அவர்களுக்கு 14 இல்லை, 9 உண்டு, 10 உண்டு, 15 உண்டு. அந்த ஒரு வரி என் எட்டுக் கட்டங்களை விட மேலானது.

‘உரிமை’ என்ற சொல்லிலேயே ஒரு நாள் போனது. நான்காம் பகுதியின் தலைப்பைத் தமிழில் எழுதினால் ‘அடிப்படைச் சுதந்திரங்கள்’ என்றுதான் வரும். ஆனால் நாம் எல்லாரும் பேச்சுவழக்கில் ‘அடிப்படை உரிமைகள்’ என்கிறோம். வீட்டில் உரிமை என்ற சொல் எப்படி வழங்குகிறது என்று கேட்டேன். ‘உரிமையா கேக்குறேன், இல்லேன்னு சொல்லாதே’ என்று தன் அத்தை எப்போதும் சொல்வார் என்றாள் ஒருத்தி. தாய்மாமன் உரிமை, முறைப்பெண் உரிமை என்று இன்னும் சில வந்தன. தமிழில் உரிமை என்றால் நெருக்கம். உறவு இருப்பதால் கேட்க முடிகிற ஒன்று. அரசமைப்பு சொல்லும் உரிமையில் உறவுக்கோ மனம் இரங்குவதற்கோ இடமில்லை. முன்பின் தெரியாத காவல் அதிகாரியிடமும் அது செல்லுபடியாக வேண்டும். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் படித்திருந்தால் மாணவர்கள் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அந்தக் குழப்பமே நம் மொழிக்குள் இருப்பது.

மிகவும் நீண்ட விவாதம் 9ஆவது பிரிவின் முதல் வரியில் நடந்தது. ஒரு குழு, ‘சட்டத்துக்கு இணங்க அன்றி எவருடைய உயிரும் உடல் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது’ என்று எழுதியது. இன்னொரு குழு, ‘சட்டம் அனுமதித்தால் ஒருவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாம்’ என்று எழுதியது. இரண்டும் ஒன்றுதானே என்று அந்தக் குழு வாதிட்டது. தருக்கப்படி பார்த்தால் அவர்கள் முழுவதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. மரண தண்டனை நடைமுறையில் உள்ள நாட்டில் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் முதல் வாக்கியம் அரசின் கையைக் கட்டிவிட்டுப் பிறகு ஒரு விரலை அவிழ்க்கிறது. இரண்டாவது வாக்கியம் கையை அவிழ்த்தே தொடங்குகிறது. மேலும், எந்தச் சட்டமாக இருந்தாலும் போதுமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. அப்போது சிங்கப்பூருக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1980இல் தீர்ப்பளித்த ஒரு போதைப்பொருள் வழக்கில், இப்பிரிவில் வரும் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள், நடுநிலையாக விசாரிப்பது போன்ற இயற்கை நீதியின் அடிப்படை விதிகளும் அடங்கும் என்றது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்தவர்கள் வெல்லவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. இரண்டாம் குழு தன் வாக்கியத்தை அடித்துவிட்டு ‘அன்றி’யை ஏற்றுக்கொண்டது, பேச்சில் வழங்காத அந்தச் சொல், அதன்பிறகு அவர்கள் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியது.

10ஆவது பிரிவு வந்தபோது பையன்கள் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்கள்: கட்டாய உழைப்பு கூடாது என்றால் தேசிய சேவை எப்படி? அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், தேசிய நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவையை நாடாளுமன்றம் சட்டத்தின்மூலம் ஏற்படுத்தலாம் என்று இருப்பதைக் காட்டினேன். விவாதம் அத்துடன் முடிந்தது.

உறுதிமொழியும் 12ஆவது பிரிவும்

எனக்கே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்த வகுப்பு ஐந்தாம் வாரத்தில் அமைந்தது. தினமும் காலையில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 12ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு அருகில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எஸ். ராஜரத்தினம் 1966இல் வரைந்த உறுதிமொழி ‘இனம், மொழி, மதம்’ என்று மூன்றைச் சொல்கிறது. அரசமைப்புப் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் என்று நான்கைச் சொல்கிறது. விரல்விட்டு எண்ணிய ஒரு மாணவி, ‘மொழி எங்கே போச்சு?’ என்றாள். அடுத்த கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது: ‘பெண்கள்?’

இரண்டும் அந்த உட்பிரிவில் இல்லை. பல ஆண்டுகள் இந்த வாசகத்தை அறிந்திருந்தும் அந்த இரண்டு இடைவெளிகளையும் நான் அடுத்தடுத்துப் பார்த்ததில்லை. முதல் உட்பிரிவின் ‘அனைவரும்’ பெண்களையும் எல்லா மொழியினரையும் உள்ளடக்கியது என்பதையும், குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட நான்கு காரணங்கள் கூடுதல் காப்பு பெறுபவை என்பதையும் விளக்கினேன். வேலையிடத்தைப் பொறுத்தவரை, அரசாங்கப் பணி நியமனங்களைத்தான் அந்த உட்பிரிவு கட்டுப்படுத்துகிறது. தனியார் கடை முதலாளியை அல்ல. அப்போது ஒரு மாணவி தன் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினாள்: கடைத்தொகுதி ஒன்றில், விடுமுறைக்கால விற்பனை உதவியாளருக்கான விளம்பரத்தாளில், மாண்டரின் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது. இதற்கு விடை அரசமைப்பில் இல்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் இருக்கிறது. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் பாலினத்தையும் மொழித்திறனையும் அச்சட்டம் சேர்த்திருக்கிறது. வேலைக்கு உண்மையாகவே தேவைப்படும் மொழியைக் கேட்பதற்கு இடமும் விட்டிருக்கிறது. அந்தக் கடைக்கு அது உண்மையான தேவையா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அடுத்து 15ஆவது பிரிவு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து செல்லாத மாணவர்கள் வகுப்பில் குறைவு. அந்த ஊர்வலத்தில் இசைக்கு இருந்த கட்டுப்பாட்டை எதிர்த்து மூன்று பக்தர்கள் தொடுத்த வழக்கை 2015இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுவான சட்டங்களுக்கு முரணான செயலை இப்பிரிவு அனுமதிப்பதில்லை என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. மறு ஆண்டு முதல் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அது அதிகாரிகளும் இந்துச் சமூகமும் பேசி எடுத்த முடிவு, நீதிமன்ற ஆணையால் வந்ததன்று. உரிமை எழுதப்பட்ட இடத்திலேயே அதன் வரம்பும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்த மாணவர்கள் தங்கள் கால் நடந்த சாலையைக் கொண்டு புரிந்துகொண்டார்கள்.

சக ஆசிரியரின் ஐயமும் வீட்டுப்பாடமும்

சக ஆசிரியர் ஒருவர், என்மேல் உள்ள அக்கறையால், இரண்டு ஐயங்களைச் சொன்னார். இது தேர்வில் வராது என்பது ஒன்று. பதினைந்து வயதில் வரம்புகளைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கசந்துபோவார்கள் என்பது மற்றொன்று. முதலாவதை நான் ஒப்புக்கொண்டேன், ஆறு வாரத்தோடு நிறுத்திக்கொண்டதும் அதனால்தான். இரண்டாவதை ஒப்புக்கொள்ளவில்லை. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர்தான் பின்னாளில் நிபந்தனைகளைக் கண்டு ஏமாந்ததாக உணர்வார். 14ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் உள்ள பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்னும் காரணங்களைத் தாங்களே மொழிபெயர்த்த என் மாணவர்கள், அவற்றில் எது அவசியம், எது மிகை என்று நிதானமாகவே வாதிட்டார்கள்.

கடைசி வாரத்தில் பழைய தேர்வுக்குப் பதிலாகச் சில சூழல்களைக் கொடுத்து, எந்தப் பிரிவு, யாருக்கு, என்ன வரம்பு என்று எழுதச் சொன்னேன். நிரந்தரவாசி ஒருவர் சங்கம் தொடங்க விரும்பும் சூழலில் சிலர் இன்னும் தடுமாறினார்கள்: அரசமைப்பு ஓர் உரிமையை அளிக்கவில்லை என்பதும், வேறு சட்டம் அதை அனுமதிக்கலாம் என்பதும் இரண்டு வேறு செய்திகள் என்பதைத் தெளிவாக்க நான் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். மற்றச் சூழல்களில் விடைகள் நன்றாக இருந்தன.

வீட்டுப்பாடமாக, வகுப்பில் எழுதிய தமிழ் வாசகத்தை ஆங்கிலம் படிக்காத பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்வியை எழுதிவரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலான தாள்களில் ‘நல்லா இருக்கு’ என்றுதான் இருந்தது. ஆனால் 9ஆவது பிரிவின் மூன்றாம், நான்காம் உட்பிரிவுகளைத் தன் பாட்டிக்கு வாசித்த மாணவி ஒருத்தி வேறொன்றைக் கொண்டுவந்தாள். கைது செய்யப்பட்டவரிடம் கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்க விட வேண்டும். அவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும். மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பாட்டி, ‘காரணம் சொல்றதுக்கு நேரம் போட்டிருக்கான், நீதிபதிகிட்ட கொண்டு போறதுக்கு நேரம் போட்டிருக்கான், வக்கீலைப் பாக்குறதுக்கு மட்டும் எப்பன்னு போடலையே, ஆயி?’ என்று கேட்டிருக்கிறார்.

மாணவி தான் ஏதோ ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டதாக நினைத்து, ஆங்கில வாசகத்தை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். விடுபடவில்லை, மூலத்திலேயே நேரம் இல்லை. அந்த உரிமை கைதானவுடனே அல்ல, நியாயமான காலத்துக்குள் கிடைக்க வேண்டியது என்று நம் நீதிமன்றங்கள் பொருள் கூறியுள்ளதை அவளுக்குச் சொன்னேன். அவள் பொதுத்தாளுக்குச் சென்று, ‘வழக்கறிஞரை’ என்ற சொல்லுக்கு மேலே சிறிய எழுத்தில் ‘எப்போது? – பாட்டி’ என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தத் தாள் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது.